சுவிட்சோடு ஒரு பிளக் பாயிண்ட்

"எந்த மடையன் பண்ண வேலை இது?"

குளியலறைச் சுவரிலிருந்து, விளக்கு சுவிட்சும், ஷாக் அடிக்காமல் கரண்டைத் துண்டிக்கும் ட்ரிப் பட்டனும் ஒன்றாய் அமைந்த பிளக் பாயிண்டைக் கழற்றியபடி முனகினார் ஆர்விட். குளிர் மிகுந்த துலூத் ஊரில் பாதி வீடுகளுக்கு வயரிங் செய்த கை.

"லைட்டை அணைச்சா பிளக்குலயும் கரண்ட் போயிடுது. ரூம் ஹீட்டர் நின்னுடுது."

"அப்படியே இருக்கட்டுமே," என்றாள் மனைவி யூனிஸ்.

"பிரிச்சு விட எவ்வளவு நேரமாகும்? அவன் மட்டும் கையில கிடைச்சான்னா லைசென்ஸைப் பிடுங்கிடுவேன்."

யூனிஸ் தொங்கிய துண்டை விலக்கினாள். பின்னால் சுவர் கரிந்திருந்தது.

"போன மாசம் ஹீட்டரை அணைக்க மறந்து துண்டு பத்திக்கிச்சு. மறுநாளே நீதான் இப்படி மாத்தினே, ஆர்விட். 'ஹீட்டரை மறந்தாலும் லைட்டை அணைக்க மறக்க மாட்டேன்'னு சொன்னே."

ஆர்விட் கரியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, கழற்றியதை அப்படியே திரும்ப முடுக்கினார்.

"ஆளு கெட்டிக்காரன்தான்," என்றார்.