பழைய பின்சீட்டு

"நைனா! இந்தச் சனியன யாரு ஊட்டுக்குள்ள கொணாந்தது?"

சாம்சன் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து ஜெபா ஓடிவந்தாள். மாமனாரின் கட்டிலுக்கடியில் பாலிதீன் கவர் சுற்றி, கயிறு கட்டி, பத்திரமாகப் படுத்திருந்தது அது. அம்பாசிடரின் பழைய பின்சீட்டு. ரெக்சின் கிழிந்து, ஸ்பிரிங் துருத்திக்கொண்டு. போன மாசம்தான் அதைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்திருந்தான்.

"நான்தான் எடுத்தாந்தேன்" என்றார் எபினேசர். வெள்ளைச் சட்டை போட்டுச் சர்ச்சுக்குத் தயாராக இருந்தார்.

"எதுக்கு?"

"வேணும்."

"எதுக்கு வேணும்? வீரராகவன் உக்காந்த சீட்டுன்னு மெழுகுவத்தி ஏத்தி ஜெபம் பண்ணப் போறியா?"

சாம்சனுக்குக் கோபம் வராதா பின்னே? கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் ஷிப்ட் முடித்து வந்து, வாசலில் தார்ப்பாய் கட்டி, ராவில்லை பகலில்லை என்று அவன் உயிரைக் கொடுத்து உருவாக்கிய கார் அது. பண்ணைக்காரர் வீரராகவன் வீட்டுக் கார். பழைய இரும்புக்குப் போகிறது என்று கேள்விப்பட்டதும், தன் பேரைச் சொன்னால் தர மாட்டார்கள் என்று சிநேகிதன் ரகுவை விட்டு வாங்கினான்.

துருவை வெட்டியெறிந்து தகடு வைத்தான். புது இன்ஜின், பவர் ஸ்டீயரிங், ஏ.சி., ரிவர்ஸ் கேமரா, முன்னும் பின்னும் சொகுசு சீட்டு. வெளியே மட்டும் அதே வெள்ளை, அதே நம்பர்.

எல்லாம் யாருக்காக? இந்தக் கிழவனுக்காக!

அந்தக் காரை ஆயுசு பூராவும் கழுவியவர் எபினேசர். ஒருதரம் பண்ணை வீட்டார் பெரியபாளையம் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போனபோது, பானையோடும் விறகோடும் அவரையும் டிக்கியில் உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த சாம்சன் அதைக் கண்ணால் பார்த்தான். கூட வந்த பையன்கள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் அவன் காதில் இருக்கிறது.

இன்றைக்கு அறுப்பின் பண்டிகை. அதே காரில், முன்சீட்டில், தன் பக்கத்தில் அப்பாவை ராஜா மாதிரி உட்கார வைத்துச் சர்ச்சுக்கு அழைத்துப்போக வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

"வா நைனா, நேரமாவுது. முன்னாடி ஏறு."

"அந்தச் சீட்ட மாட்டு. ஏறுறேன்."

"இன்னாது?"

"புதுசக் கழட்டிட்டுப் பின்னாடி அத மாட்டு. இல்லாங்காட்டி நான் பஸ்ஸுல போய்க்கிறேன்."

"உனுக்குப் புத்திகித்தி கெட்டுப் போச்சா? துணி எடுத்து, ஆளக் கூப்டு, பார்த்துப் பார்த்துத் தெச்ச சீட்டு அது!"

"நல்லாத்தான் கீது. எனுக்கு வேணாம்."

சாம்சன் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் ஓங்கி அடித்தான்.

"அடிம புத்தி! காலம்பூரா தொடச்ச கையி இல்ல, எஜமான் சீட்ட வுட்டுப் பிரிய மனசு வர்ல. உன்ன டிக்கியில ஏத்தினதுல தப்பே இல்ல நைனா!"

"ஏங்க! இன்னா பேச்சு பேசறீங்க?" ஜெபா பதறிவிட்டாள்.

எபினேசர் குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து சீட்டை இழுக்க ஆரம்பித்தார். வயசான உடம்பு, மூச்சு வாங்கியது.

"மாமா, நீங்க வுடுங்க." ஜெபா புருஷன் பக்கம் திரும்பினாள். "பண்டிக நாளும் அதுவுமா பேஜாரு பண்ணாதீங்க. மாட்டித்தான் தொலைங்களேன்."

மாட்டித் தொலைத்தான். ஒவ்வொரு போல்ட்டையும் திட்டிக்கொண்டே முடுக்கினான். பளபளவென்று இருந்த காருக்குள் அந்தக் கிழிசலைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

ஜெபா முன்னால் ஏறிக்கொண்டாள்.

எபினேசர் பின்கதவைத் தானே திறந்தார். செருப்பைக் கழற்றவில்லை. வீரராகவன் வழக்கமாக உட்காரும் இடது மூலையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இன்னா, எஜமான் சீட்டு மெத்துமெத்துன்னு கீதா?" என்றான் சாம்சன், திரும்பிப் பார்க்காமல்.

"ஸ்பிரிங்கு குத்துது."

"குத்தட்டும்!"

வண்டியைக் கிளப்பினான். காலனி முனையில் ஹைவேக்குப் போகும் குறுக்குப் பாதையில் திருப்பினான்.

"நில்லு" என்றார் எபினேசர். "இந்தப் பக்கம் எதுக்குப் போற?"

"சர்ச்சுக்குத்தான். வேற எங்க?"

"ஊருக்குள்ள பெரிய தெரு கீதே, அதுக்கு இன்னா?"

பெரிய தெருவில்தான் வீரராகவன் வீடு. காலை நேரத்தில் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார்.

"எதுக்கு நைனா வம்பு? பண்டிக நாள்ல?"

"ரகுவ வுட்டு காரு வாங்கின. இப்ப வீரராகவன் கண்ணுல படாம ஹைவே மேல போற. என்னப் போயி அடிமன்ற?"

சாம்சனின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. கண்ணாடியில் பார்த்தான். அப்பா கால்மேல் கால் போட்டிருந்தார். அவர் அப்படி உட்கார்ந்து அவன் பார்த்ததே இல்லை.

"நீ போட்ட புதுச் சீட்டுல உக்காந்தா நான் எம்புள்ள காருல போறேன்னு அர்த்தம். அது எனுக்குப் பெருமதான், இல்லன்னு சொல்லல. நாளைக்கு அதுலயே உக்கார்றேன். இன்னிக்கு ஒரு நாள் நான் அவன் காருல, அவன் எடத்துல உக்காந்து போவணும்டா."

எபினேசர் கிழிந்த சீட்டைத் தடவிக்கொண்டார்.

"ஏ.சி.ய நிறுத்து. கண்ணாடிய எறக்கு. அவன் ஊட்டாண்ட மெதுவா போயி, ஹாரன் அடி."