அண்ணன் அடைத்து வைத்த இடம்

காலை வெயில் ஜன்னல் வழியே மானிட்டரில் விழ, சிவப்பு எழுத்துகள் வெளிறித் தெரிகின்றன. மருத்துவமனையின் லினக்ஸ் சர்வரில் டிஸ்க் நிரம்பி வழிகிறது. ஒரு வரி எழுதக்கூட இடமில்லாமல் சர்வீஸ்கள் எல்லாம் படுத்துவிட்டன. ரத்தப் பரிசோதனை முடிவு ஒன்றுகூட வார்டுக்குப் போகவில்லை. "இன்னும் எவ்வளவு நேரம்மா? ஆபரேஷன் தியேட்டர்ல காத்துக்கிட்டிருக்காங்க," என்கிறார் போனில் லேப்காரர். "அஞ்சு நிமிஷம் சார்," என்று சர்வரைப் பார்த்துக்கொள்பவளின் வாய் சொல்கிறது. கை பெரிய ஃபைல்களைத் தேடுகிறது. சர்வர் தன் வேலைகளைப் பதிந்து வைக்கும் லாக்குகள் கொழுத்துக் கிடக்கின்றன; அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து அழிக்க நேரமில்லை. அவற்றின் நடுவே ஒரு ஃபைல் நிற்கிறது: பத்து ஜிபி, பெயர் 'அவசரம்', உரிமையாளர் இடத்தில் வேலையை விட்டுப்போன சிடுமூஞ்சி அண்ணனின் பெயர். உள்ளே வெறும் பூஜ்யங்கள். "நல்ல இடத்தை எதுக்குண்ணே வெட்டியா அடைக்கிறீங்க?" என்று அவர் இதைப் போட்ட அன்று சண்டை பிடித்தாள். "ஒருநாள் இந்த சர்வருக்கு மூச்சு முட்டும். அன்னிக்கு இந்த ஃபைலை அழி, இடம் கிடைக்கும். என்னைத் திட்டினதையும் சேர்த்து அழி," என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே. அவருடைய நாற்காலியில் இப்போது பழைய கேபிள்கள் சுருண்டு கிடக்கின்றன. இந்த மெஷினில் அவர் பெயர் மிச்சமிருப்பது இந்த ஒரு வரியில்தான். விரல் ஒரு கணம் தயங்குகிறது, பிறகு அழிக்கிறாள். சர்வீஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையாகின்றன. "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று போன் கத்துகிறது. அவள் பழைய லாக்குகளை நிதானமாகத் துடைத்துவிட்டு, பத்து ஜிபிக்குப் பூஜ்யங்களை நிரப்பி அதே பெயரில் ஒரு ஃபைல் போடுகிறாள். உரிமையாளர் இடத்தில் அவள் பெயர் வந்து நிற்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உரிமையாளரை மாற்றும் கட்டளை ஒன்றை அடிக்கிறாள். அண்ணனின் பெயர் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது.