பதிவேட்டின் சாட்சி

"சொந்தமா கட்டினவருக்குத்தான் பராமரிக்கிற உரிமம். ஆதாரம் இருக்கா?" கராஜில் நின்ற குட்டி விமானத்தைச் சுற்றிவந்தபடி ஆய்வாளர் கேட்டார்.

ஹார்லன் தடித்த பதிவேட்டை நீட்டினார். "ஆறு வருஷ உழைப்பு சார். ஒவ்வொரு ரிவெட் ஆணிக்கும் தேதி, படம், எல்லாம் இருக்கு."

"உரிமத்தை மாட்ட ஃபிரேம்கூட வாங்கிட்டார்," என்றாள் மனைவி வெர்னா, காபி ஊற்றியபடி.

ஆய்வாளர் கடைசிப் பக்கம்வரை பொறுமையாகப் புரட்டினார். பிறகு ஹார்லன் நீட்டிய கையைத் தாண்டிச் சென்று வெர்னாவின் கையைக் குலுக்கினார்.

"வாழ்த்துகள் மேடம். உரிமம் உங்க பேர்லதான்."

"ஐயோ, கட்டினது நான்! அவ படத்துக்காக, துளைபோடுற மாதிரி சும்மா நின்னா!"

"எல்லாப் படத்துலயும் மேடம்தான் வேலை செய்றாங்க. ஒரு படத்துலகூட நீங்க இல்லையே?"

"கேமரா என் கையில இருந்துச்சே!"

வெர்னா நிதானமாகச் சொன்னாள்: "ஹார்லன், இனிமே இறக்கையில கைவைக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ."