கடைக்குட்டி மடித்தது

கடைக்குட்டி தரையில் விழுந்து உருண்டு எழுந்தபோது சிரித்துக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் புழுதி. ஒரு முட்டியில் தோல் உரிந்திருந்தது. அதைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை.

ராணுவத்தில் பாராசூட் மடிக்கும் பிரிவில் அவன்தான் எல்லோருக்கும் இளையவன். அதனால் அந்தப் பெயர். வாழ்க்கையில் முதல் முறையாக இப்போதுதான் வானத்திலிருந்து குதித்திருக்கிறான்.

அண்ணாந்து பார்த்தான். அவனுக்கு மடிக்கக் கற்றுக்கொடுத்த வாத்தியார் அவனுக்குப் பின்னால் குதித்திருந்தார். அவருடைய பாராசூட் குடை முழுசாக விரிந்து, மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

அது அவன் மடித்த குடை.

அந்தப் பிரிவில் ஒரு வழக்கம். பயிற்சி முடிக்கிறவன், தன் கையால் மடித்ததைத் தானே முதுகில் கட்டிக்கொண்டு ஒருமுறை குதிக்க வேண்டும். அடுத்தவன் உயிரைப் பொட்டலம் கட்டுகிறவனுக்கு அந்தப் பயம் தெரிந்திருக்க வேண்டுமாம்.

இன்று காலை கடைக்குட்டி விமானத்தின் படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டான். உயரத்தைக் கண்டு பயமில்லை. தன் கையைக் கண்டுதான் பயம். எங்காவது ஒரு கயிறு சிக்கியிருந்தால்? கூட இருந்த பையன்கள் ஆளுக்கொரு சமாதானம் சொன்னார்கள். எதுவும் காதில் ஏறவில்லை. குதிக்காதவன் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதற்கும் அவன் தயாராகிவிட்டான்.

அப்போதுதான் வாத்தியார் வந்தார்.

பையன்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் இஸ்திரிப்பெட்டி. துணியில் ஒரு சுருக்கம் கண்ணில் பட்டால் போதும், சூடாகிவிடுவார். கடைக்குட்டி மாங்குமாங்கென்று மடித்து வைத்ததை எத்தனையோ நாள் ஒரே இழுப்பில் உதறிப் போட்டு, 'மறுபடி' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

இரண்டு வருடமாக அவர் குதிப்பதில்லை. கீழே நின்று கத்துவதோடு சரி. ஆளுக்குச் சோம்பேறித்தனம் வந்துவிட்டது என்று பையன்கள் முதுகுக்குப் பின்னால் கேலி செய்வார்கள்.

எல்லோரும் வசவுக்குக் காத்திருந்தார்கள். அவர் திட்டவில்லை. வகுப்பில் காட்டுவதற்காகத் தானே மடித்து வைத்திருந்த பாராசூட்டை எடுத்துவரச் சொன்னார். கடைக்குட்டியின் முதுகிலிருந்ததைக் கழற்றித் தன் முதுகில் மாட்டிக்கொண்டார்.

"நான் மடிச்சத நீ போட்டுக்க. நீ மடிச்சது எனக்கு. வழக்கத்தை நான் பாத்துக்கறேன். உன் வேலை மேல சந்தேகம் இருந்தா நான் ஏறுவேனாடா?"

கடைக்குட்டி எழுந்துவிட்டான். பெற்ற அப்பாகூட அவனை அப்படி நம்பியதில்லை.

விமானத்தின் கதவருகே நின்றபோது பின்னால் அவர் பெரிதாக மூச்சு வாங்குவது கேட்டது. தனக்காகத்தான் பதறுகிறார் என்று நினைத்துக்கொண்டான். குதித்தால் போதும், விமானத்தில் மாட்டியிருக்கும் நாடா இழுத்துக் குடை தானாகவே திறந்துகொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு குதித்தான்.

இப்போது வாத்தியாரும் தரையைத் தொட்டார்.

உருளவில்லை. எழவில்லை. குடை மெல்லச் சரிந்து அவர் மேல் படிந்தது.

கடைக்குட்டி ஓடினான். 'திறந்துடுச்சு சார்' என்று சொல்லத்தான் ஓடினான். துணியை விலக்கி அவர் முகத்தைப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட்டுக் கத்தினான்.

மைதான ஓரத்து ஆம்புலன்ஸிலிருந்து டாக்டர் வந்து அவனைத் தள்ளிவிட்டு, வாத்தியாரின் மார்பை அழுத்தத் தொடங்கினார். பையன்களும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். குடையைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் கடைக்குட்டியைப் பார்த்தார்கள். மடித்தவன் அவன்தானே.

அவன் மண்டியிட்டு, ஒவ்வொரு கயிறாக விரலால் ஓட்டிப் பார்த்தான். சிக்கல் இல்லை. துணியை மூலைக்கு மூலை விரித்துத் தடவினான். ஒரு கிழிசல் இல்லை. திரும்பவும் முதலிலிருந்து பார்த்தான். எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தபடியே இருந்தது.

நான் ஒன்றும் செய்யவில்லை என்று அழுதான். அந்த அழுகையோடு ஒரு நிம்மதியும் வந்தது. இந்த நேரத்தில் நிம்மதி என்ன வேண்டியிருக்கிறது என்று தன் மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வந்தது.

டாக்டர் கையை எடுத்தார். அப்படியே புல்லில் உட்கார்ந்து, வாத்தியாரின் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். பிறகு யாரிடம் என்றில்லாமல் கேட்டார்.

"குடையில ஒரு தப்பும் இல்ல. இதயம் மேலேயே நின்னுருக்கு. இனிமே ஏறவே கூடாதுன்னு ரெண்டு வருஷம் முன்னாடியே இவர்கிட்ட சொல்லிட்டேன். யாருக்காகப்பா ஏறினார்?"

இந்த முறை ஒருவர்கூடக் கடைக்குட்டியின் பக்கம் திரும்பவில்லை.