ஒருமனதான தீர்மானம்

தோழர் மரகதம் கிளை அலுவலகத்துக்குள் நுழைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் கணவர் சின்னையன் கட்சியிலிருந்து ஒருமனதாக நீக்கப்பட்டிருந்தார். மறுபடியும் கூட்டம் போட்டுப் பேசுங்கள் என்று கேட்டதுதான் அவர் செய்த குற்றம். புரட்சி வேலை தாமதமாகிறதென்று கூட்டங்களை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு தோழரின் மனதையும் அறிந்து, கட்சி அவரவருக்குக் கொடுத்திருக்கும் கருவியே அவர்களுக்காக வாக்களித்துவிடும்.

"நான் எதிர்த்துப் பேசத்தானுங்க வந்தேன்!"

"உங்க கருவி ஆதரிச்சிருச்சுங்களே, தோழர்" என்றார் செயலாளர், சங்கடத்தோடு. "இத்தனை வருசத்துல நீங்க கை தூக்காத தீர்மானம் ஒண்ணாவது உண்டுங்களா? அதை வெச்சுத்தானே அது கத்துக்குது?"

மரகதம் தன் வலது கையைப் பார்த்தாள். மனசு வேண்டாம் வேண்டாமென்று அடித்துக்கொள்ள, ஒற்றுமை கெடக்கூடாதென்று எத்தனை முறை கையைத் தூக்கியிருக்கிறாள்! கருவி கையை மட்டும்தான் பார்த்திருக்கிறது.

வீட்டில் சின்னையன் சட்டையிலிருந்து கட்சிச் சின்னத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னை மன்னிச்சிருங்க" என்று அழுதாள்.

"நீ எதுக்கு அழுவறே? ஒருமனதான்னா என் ஓட்டும் அதுல இருக்குதல்ல?" என்றார் அவர். "உன் பக்கத்துல உக்காந்துதானே நானும் கையைத் தூக்கிட்டிருந்தேன்."