மூன்றாவது அளவு

இரத்த அழுத்த ஆய்வில் ஒரு விதி உண்டு. ஆள் பக்கத்தில் இருந்தால் அழுத்தம் ஏறும் என்பதால், நர்ஸ் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்விட வேண்டும். கருவி தானாகவே நிமிடத்துக்கு ஒன்றாக மூன்று முறை அளக்கும்.

ஆய்வுக்கு வந்த ஒரு தையல்காரருக்கு 124, 158, 196 என்று வந்தது. நர்ஸ் கூடவே நின்று அளந்தபோது மூன்றும் 124.

"என்னண்ணே, தனியா இருக்க பயமா?" என்று சிரித்தாள்.

"தனியா எங்கம்மா விட்டீங்க? நீங்க கதவைச் சாத்தினதும், மூலையில இருக்கிற அந்தம்மா நாற்காலியை நகத்தி நகத்திக் கிட்ட வந்துடறாங்க."

அறையில் இருந்தது அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி மட்டும்தான்.

அவரை அனுப்பிவிட்டு, கருவியைச் சோதிக்க நர்ஸ் தன் கையிலேயே பட்டையைக் கட்டிக்கொண்டாள். கதவைத் திறந்தே வைத்தாள். 118.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. 160.

மூன்றாவது முறைக்குப் பட்டை இறுகத் தொடங்கியது.