ராப்சனின் தொப்பி

இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில், தண்ணீரை இறைத்துவிட்ட உலர்துறைக்குள், மூக்கறுந்து நிற்கிறது குரூஸர் எனப்படும் அந்த இலகுரகப் போர்க்கப்பல். வேகத்துக்காகத் தோலை மெலிதாக்கி, உள்ளே குறுக்குச் சுவர்களை நம்பிக் கட்டிய கப்பல். டார்பிடோ முன்பக்கத்தைப் பிய்த்தெறிந்த பிறகு, ஒரே ஒரு சுவர் கடலைத் தடுத்து நிற்க, அறுநூறு பேரோடு பின்பக்கமாகவே ஊர் திரும்பியிருக்கிறது. காலை வெயில் படும் அந்தச் சுவரின் தகடுகளை இணைக்கும் ரிவிட் ஆணி ஒவ்வொன்றும் தொழிலாளி வில்ஃப் ஹெஸ்லப் அடித்தது. மேற்பார்வையாளர் ராப்சன் எதுவும் தளர்ந்திருக்கிறதா என்று சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காதுகொடுக்கிறார். கட்டும்போது இதே சுவரில் முப்பது ரிவிட்டுக்குச் சாக்பீஸால் வட்டம் போட்டு, பிடுங்கி மறுபடி அடிக்கச் சொன்னவர் அவர்தான். அன்று வில்ஃப் திட்டாத திட்டில்லை.

"என்ன சார், இன்னிக்கி வட்டம் போடலையா? சாக்பீஸ் தீந்துபோச்சா?"

"வாய மூடு ஹெஸ்லப். காது கேக்கட்டும்."

கடைசி ரிவிட்டும் கணீரென்கிறது. ராப்சன் அண்ணாந்து பார்க்கிறார். நேர் மேலே சாரத்தில் வில்ஃபின் ஆட்கள் நிற்கிறார்கள். அவர் தலையில் இருப்பது, எவனாவது சூடான ரிவிட்டை மேலிருந்து போட்டுவிடுவான் என்று கப்பல் கட்டும் இடத்தில் ஒருநாளும் கழற்றாத கறுப்புக் கெட்டித் தொப்பி. அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சுவருக்கு முன்னால் வழுக்கைத் தலையோடு நிற்கிறார்.